அக்காவின் வாயாக இருந்தவள்

அக்கா என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் தன் மணிக்கட்டைப் பல்லால் லேசாகக் கடித்துக் காட்டுவாள். அதுதான் என் பெயர். கைக்குழந்தையாக இருந்தபோது நான் அவளை அங்கே கடித்துவிட்டேனாம். அப்பா ஆசையாக வைத்த பெயர் ஒன்று பிறப்புப் பத்திரத்தில் இருக்கிறது. அதைச் சொல்லி அக்கா என்னை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாயும் பேசாது. என்னைவிட ஏழு வயது மூத்தவள்.

மலேசியாவில், பத்து காஜா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் நாங்கள் பிறந்தோம். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் அக்காவின் காதில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "போகப் போக சரியாயிரும்லா" என்று அனுப்பிவிட்டாராம். சரியாகவில்லை. பினாங்கில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதாகப் பிறகு யாரோ சொன்னார்கள். "பொம்பளப் புள்ளைய அவ்ளோ தூரம் எவ அனுப்புவா?" என்று அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. ஆகவே அக்கா தனக்கு வேண்டிய மொழியைத் தானே செய்துகொண்டாள். உளியைச் சாய்வாக இழுத்துக் காட்டினால் மரம் சீவுகிற அப்பா. கைத்தடியை அக்குளில் இடுக்கினால் எங்களை வேலை வாங்குகிற மண்டோர். விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொள்வார்கள். நெற்றியைத் தொட்டு முடிச்சுப் போட்டால் நாளைக்கு. வீட்டில் மற்றவர்களுக்கு அவற்றில் பத்துப் பதினைந்து தெரியும்: சோறு, தண்ணீர், வா, போ. அவர்கள் அதைச் சைகை என்றார்கள். நான் அதற்குள் பிறந்தவள். எனக்கு நாக்கு திரும்புவதற்கு முன்பே கை திரும்பிவிட்டதாம். எங்கள் இருவருக்கும் அது சுத்தமான பேச்சு. அடேயப்பா, அவளைப் போல வம்பளந்தவளை நான் கண்டதில்லை! மண்டோரை அவர் மனைவி விரட்டியதை அவள் நடித்துக் காட்டினால் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிடும். பக்கத்தில் இருந்த அம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் திட்டுவாள்.

"உங்கக்கா என்னாடி சொல்லுது?" தோட்டம் முழுக்க என்னிடம் கேட்ட கேள்வி அது. அவள் கை ஓய்வதற்குள் என் வாய் பதில் சொல்லிவிடும். அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! கொஞ்சம் திருட்டுத்தனமும் உண்டு. தீபாவளிப் பலகாரம் ஒன்று போதும் என்று அவள் காட்டுவாள். "அக்காவுக்கு ரெண்டு வேணுமாம்" என்று சொல்லி இரண்டாவதை நான் தின்பேன். யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? அந்தக் கொழுப்புதான் என்னைக் கெடுத்தது. பலகாரத்தோடு அது நின்றிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயதில் ஒரு வரன் வந்தது. எனக்கு அப்போது பதினைந்து. மாப்பிள்ளை கடற்கரையோர லூமுட்காரர். பங்கோர் தீவுக்குப் போகும் ஃபெர்ரிகளைத் துறையில் கயிறு போட்டுக் கட்டுகிற வேலை. மாப்பிள்ளையோடு வந்த அவருடைய அம்மா உட்கார்ந்ததும் உடைத்துப் பேசினார். "எங்களுக்கு மறைக்கத் தெரியாதுலா. பையனுக்கு ஒரு காலு கொஞ்சம் சாய்ப்பு. உங்க பொண்ணுக்குக் காது. ரெண்டும் ஒண்ணா நல்லா இருந்தா போதும்." அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. அக்கா தேநீர்த் தட்டோடு வந்தாள். அம்மா கட்டிவிட்ட நீலப் புடவை அவளுக்கு அவ்வளவு எடுப்பாக இருந்தது.

மாப்பிள்ளை என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அக்காவின் முகத்தைப் பார்த்து, கைகளை எடுத்தார். உள்ளங்கைகளை முன்னே நீட்டி மெல்ல ஏற்றி, இறக்கி, ஏற்றி, இறக்கினார். பிறகு ஒரு கையைப் படகாக்கி அந்த ஏற்ற இறக்கத்தின் மேல் ஓட்டினார். கயிறு வீசினார், இழுத்தார், கட்டினார். முடிச்சு சரியில்லாமல் படகு நழுவிப் போவதாகக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா சத்தம் போட்டுச் சிரித்தாள். அவள் கடலைப் பார்த்ததே இல்லை. ரப்பர் காட்டுக்கு நடுவில், தகரக் கூரை போட்ட எங்கள் வீட்டுக்குள், ஒரு நொண்டி மனிதர் வெறுங்கையால் அவளுக்குக் கடலைக் கொண்டுவந்து காட்டிவிட்டார். மொழி என்றால் என்ன என்று பிற்காலத்தில் பெரிய பெரிய படிப்பாளிகள் பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது அன்று பார்த்ததுதான். எதிரில் இல்லாத ஒன்றை இன்னொருவர் கண்முன் நிறுத்துவது. வலித்தால் ஆடும் மாடும்கூடக் கத்தும். லூமுட்டில் இருக்கிற கடலைப் பத்து காஜாவில் காட்ட மனிதனால்தான் முடியும்.

என்னைக் கேட்காமல், என் வழியாக வராமல் ஒரு ஆள் அவளோடு பேசிவிட்டார். அவள் போய்விட்டால் நான் யாரோடு பேசுவேன்? ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு யார் கையைப் பிடித்துக் கதை கேட்பேன்? அதுதான் எனக்குத் தோன்றியது, வேறொன்றும் தோன்றவில்லை. அவள் வாழ்க்கை என்று ஒன்று இருப்பதே என் புத்திக்கு எட்டவில்லை.

"கேளும்மா," என்றார் அப்பா என்னிடம். "ஆடு மாடு மாதிரி புடிச்சிக் கட்டி வைக்க மாட்டேன். அதுக்குப் புடிச்சாத்தான்." நான் கேட்டேன். ஒழுங்காகத்தான் கேட்டேன். அக்கா வெட்கப்படாமல், அந்த மனிதர் செய்ததைப் போலவே கைகளை மெல்ல ஏற்றி இறக்கிக் காட்டி, அந்தக் கைகளை அப்படியே தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அதைவிடத் தெளிவாக எந்தப் பெண்ணும் சம்மதம் சொல்லியிருக்க மாட்டாள்.

"பயமா இருக்காம்ப்பா. நம்மள விட்டுட்டுப் போவ மாட்டேங்குது," என்றேன்.

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன்ப்பா. வேணாங்குது."

அந்த மனிதர் அக்காவைப் பார்த்தார். "ஆனா சிரிக்குதே," என்றார், தயங்கித் தயங்கி. அப்போதாவது என் நாக்கு அழுகிப்போயிருக்கக் கூடாதா? "அது அப்படித்தாண்ணே. யாரப் பாத்தாலும் சிரிக்கும்," என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர்கள் படியிறங்கிப் போகும்போது அக்கா கதவோரம் நின்று நெற்றியில் விளக்குக் கட்டுவதாகக் காட்டி என்னிடம் கேட்டாள்: நாளைக்கு வருவார்களா?

மூன்று நாள் அவளுக்குப் பதில் சொல்லாமல் ஓடி ஒளிந்தேன். நாலாம் நாள் குழாயடியில் பிடித்துக்கொண்டாள். அந்த ஆள் உன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். ஏன் என்றாள். தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள்: இதுவா? கையின் கறுப்பைத் தேய்த்துக் காட்டினாள்: இதுவா? அதோடு விட்டிருக்கலாம். நான் என் காதைத் தொட்டுக் காட்டினேன். அவள் தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா அம்மாவிடம் ஒரு பொய், அவளிடம் ஒரு பொய்; இரண்டு பக்கமும் அடைத்துவிட்டேன், நடுவில் போக்குவரத்துக்கு என்னைத் தவிர வழியே கிடையாது. எதிரில் இல்லாத கடலை எது கொண்டுவந்ததோ, அதே மொழியைக் கொண்டுதான் நடக்காததை நடந்ததாகச் சொன்னேன்.

வேறு வரன் வரவில்லை. வந்த வரனை அவளே வேண்டாம் என்கிறாள் என்று ஊரில் பேச்சாகிவிட்டால் யார் வருவார்கள்? தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள், எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள், ஈப்போவுக்கு வந்தோம். எனக்குக் கல்யாணமானபோது அக்காவும் என்னோடு வந்தாள். "சீர்வரிசையோட அக்காவும் வந்துருச்சே," என்று என் கணவர் வீட்டில் கேலி செய்தார்கள். என் பிள்ளைகளை அவள்தான் வளர்த்தாள். வெளியாட்கள் வந்தால் சமையலறைக்குள் போய்விடுவாள். ஒருமுறை பிள்ளைகளுக்காக எல்லோரும் பங்கோருக்குப் போனோம். லூமுட் துறையில் வேன் நின்றது. கண்ணாடிக்கு வெளியே கடல். அக்கா இறங்க மறுத்து, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். "பெரியம்மாவுக்குத் தல சுத்துது," என்று பிள்ளைகளிடம் மொழிபெயர்த்துவிட்டு, அவர்களோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். அப்படிப்பட்டவள் நான்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், எனக்கு வாய்த்த உத்தியோகம் ஈப்போ நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். முப்பது வருடம், தமிழுக்கும் மலாய்க்கும் நடுவில் நின்றேன். சாட்சி பொய் சொன்னால் அந்தப் பொய்யைக் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஓய்வு பெற்ற நாளில் எனக்கு மாலை போட்டு, இவர் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை என்று பாராட்டிப் பேசினார்கள். அந்த மாலையை அக்கா கழுத்தில் போட்டேன். அவள் என் கன்னத்தைக் கிள்ளிச் சந்தோஷப்பட்டாள். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நான் தள்ளிய நாளைகளை அடுக்கினால் வீடு கொள்ளாது.

இப்போது அவளுக்கு அறுபத்தைந்து. இரண்டு மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து விழுந்துவிட்டாள். வலது கை, வலது கால், முகத்தின் ஒரு பாதி போய்விட்டது. வேறு யாருக்காவது கை போனால் வேலை போகும். இவளுக்கு நாக்கே போய்விட்டது. கோபத்தையும் கேலியையும் கேள்வியையும் அவள் புருவத்தால்தான் சொல்வாள். அதுவும் ஒரு பக்கம் தொங்கிவிட்டது. மருத்துவமனையில் சைகை மொழி தெரிந்த ஒரு மலாய்ப் பெண்ணை அழைத்து வந்தார்கள். பாவம், நல்ல பிள்ளை. கொஞ்ச நேரம் முயன்று பார்த்துவிட்டு, தான் படித்த மொழியே இல்லை இது, யாருடைய மொழி என்று கேட்டாள். எங்கள் இரண்டு பேருடையது என்றேன். பிறகு சீன டாக்டர் ஒருவர் படத்தைக் காட்டிப் பொறுமையாக விளக்கினார். அடிபட்டிருப்பது மூளையில் மொழி இருக்கிற பக்கமாம். வாயால் பேசினாலும் கையால் பேசினாலும் அதே பக்கம்தானாம். நான் காட்டுவது அவளுக்கு எவ்வளவு புரிகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

போன வாரம் பார்வையாளர் நேரத்தில் கட்டிலோரம் உட்கார்ந்து சொன்னேன். இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. தோட்டத்தில் ரப்பர் பாலை நிறுக்கும்போது கணக்கெழுதும் கிராணி, எடையில் ஏமாற்றத் தராசில் கட்டைவிரலை அழுத்துவார். எங்கள் மொழியில் கட்டைவிரலால் உள்ளங்கையை அழுத்தினால் பொய். லூமுட்காரர் என்றேன். உன்னை வேண்டும் என்றார் என்றேன். நீ ஆமாம் என்றாய் என்றேன். என்னைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலை அழுத்தினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்ததால் மறுபடியும் அழுத்தினேன். உள்ளங்கை வலித்தும் விடவில்லை. அழுத்திய அவசரத்தில் நான் சொன்னதே கொச்சையாகிப் போயிருக்கலாம்.

அக்காவின் இடது கை போர்வையிலிருந்து எழுந்தது. கொஞ்சம் ஏறியது, சாய்ந்து இறங்கியது, விழுந்தது. மறுபடியும் அதேபோல ஏறியது, சாய்ந்தது, விழுந்தது. அவள் கண் என் மேலேயே இருந்தது. அந்தக் கை பழகாத கை. அது ஒருநாளும் தனியாகப் பேசியதில்லை. கடல் என்கிறாளா? போ என்கிறாளா? அழாதே என்கிறாளா? அல்லது தண்ணீர் கேட்கிற வெறும் கையா? நான் சொன்னது அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா இல்லையா? ஐயோ, அந்த ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். காறித் துப்பியிருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன்.

மருந்து கொடுக்க வந்த நர்ஸ், தமிழ்ப் பெண், கையைப் பார்த்துவிட்டு நின்றாள். "ஆன்ட்டி, அவங்க என்னமோ சொல்றாங்களே. என்னா சொல்றாங்க?"

பதில் என் வாயில் வந்து நின்றது, பழக்கம் விடுமா? என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்கிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம், இங்கேயும் எழுதியிருக்கலாம். இல்லை என்று சொல்ல இந்த உலகத்தில் வேறு ஆளில்லை.

"தெரியலம்மா," என்றேன்.

அக்காவின் கை மறுபடியும் எழுந்தது.