மஞ்சள் ரிப்பன் எந்த பஸ்

வட்டாரக் கல்வி அலுவலகத்தின் பேருந்துப் பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு பீரோ, ஒரு தொலைபேசி, அப்புறம் அவள். வட்டாரத்தில் பதினான்கு பள்ளிகள், முப்பத்தொரு பஸ், ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு பிள்ளைகள். எந்தப் பிள்ளை எந்த பஸ்ஸில் ஏறும், எங்கே இறங்கும் என்று லிஸ்ட் போடுவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதைத்தான் செய்கிறாள். அந்தப் பிள்ளைகளில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை.

பயந்த சுபாவம். படிக்கிற காலத்தில் வருகைப் பதிவில் தன் பெயர் வரும்போது வாய் திறக்கமாட்டாள். வகுப்பில் உட்கார்ந்திருந்தபடியே எத்தனையோ நாள் வராதவளாகக் குறிக்கப்பட்டிருக்கிறாள். வேலைக்கு வந்த பிறகு அந்தப் பயம் வேறு உருவம் எடுத்தது. எதையும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்பாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு ‘இன்னொருதடவை அக்கா’ என்றே பெயர்.

“ஏங்க்கா, உங்க வீட்டுக்காரரையும் இப்படி மூணு தடவை சரிபாத்துட்டுதான் கட்டிக்கிட்டீங்களா?” என்று சம்பளப் பிரிவில் இருந்த பக்கத்து மேசைக்காரி ஒருநாள் கேட்டாள்.

“ஒரே தடவைதான் பாத்தேன். அதனாலதான் மத்த எல்லாத்தையும் மூணு தடவை பாக்கறேன்.”

பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்பதல்ல அவள் பயம். யாராவது ஒருநாள் லிஸ்ட்டை நீட்டி, “இதைப் போட்டது யாரு?” என்று கேட்பார்கள், அந்தக் கேள்விதான் பயம். இது அவ்வளவு மேன்மையான பயமல்ல. ஆனால் லிஸ்ட் பிழையில்லாமல் வந்ததற்கு அதுதான் காரணம்.

அந்த விடுமுறையில் மலையடிவாரத்துச் சின்னப் பள்ளியை மூடிவிட்டு, அதன் பிள்ளைகளை ஊருக்குள் இருந்த பெரிய பள்ளியில் சேர்த்தார்கள். எண்பத்திரண்டு பிள்ளைகளை ஓடிக்கொண்டிருந்த பஸ்களில் பிரித்துப்போட வேண்டும். மூன்று வாரம் உட்கார்ந்து போட்டாள். பதினோரு தடவை சரிபார்த்தாள். நம்பர், நிறுத்தம், நேரம் எல்லாம் கச்சிதம். ஏரிக்கரைப் பிள்ளைகளுக்குப் பதினொன்றாம் நம்பர் பஸ்.

பள்ளி திறந்த முதல் நாள் மாலை நாலு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது.

“என் பொண்ணு இன்னும் வரலைங்க.” ஒரு தாயின் குரல். “ஏரிக்கரை நிறுத்தத்துல நிக்கறேன். பஸ் வந்துட்டுப் போயிடுச்சு. இவ மட்டும் இறங்கலை. ஒண்ணாம் வகுப்புங்க.”

அவள் லிஸ்ட்டை இழுத்தாள். பெயர் இருந்தது. “பதினொண்ணுலதாம்மா போட்டிருக்கு.”

“நம்பரெல்லாம் அவளுக்கு எங்கங்க தெரியும்? மஞ்சள் ரிப்பன் பஸ்லயே ஏறிக்கோன்னுதான் சொல்லி அனுப்பினேன்.”

“எந்த ரிப்பன்?”

“பையில கட்டியிருக்குமே, அதுங்க. பழைய பள்ளிக்கூடத்து யு.கே.ஜி. டீச்சர் போன வருஷம் கட்டிவிட்டது.”

எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைகளுக்காகப் பள்ளிகளில் ஆசிரியர்கள் தாங்களே செய்துகொண்ட ஏற்பாடு அது: பையில் ஒரு நிறத்தில் ரிப்பன், பஸ் கண்ணாடியில் அதே நிறத்தில் தாள். எந்தச் சுற்றறிக்கையிலும் அது கிடையாது; பள்ளிக்குப் பள்ளி நிறம் வேறு. அலுவலகத்துக்கு நம்பர்தான் தெரியும். ரிப்பனைப் பற்றி அவள் அன்றுதான் கேள்விப்படுகிறாள். தாயைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, பக்கத்து மேசைத் தொலைபேசியில் பெரிய பள்ளியைக் கூப்பிட்டாள்.

“டீச்சர், உங்க பள்ளியில மஞ்சள் ரிப்பன் எந்த பஸ்?”

“ஆறாம் நம்பர். கல்குவாரி ரோடு. ஏன் கேக்கறீங்க?”

கல்குவாரி ரோடு ஏரிக்கரைக்கு நேர் எதிர்த்திசை. கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் வீடுகள் கிடையாது. தண்ணீர் நிறைந்த பள்ளங்கள்தான்.

ஆறாம் நம்பர் டிரைவரைக் கூப்பிட்டாள். போனை அணைத்து வைத்திருந்தார். பஸ் ஓட்டும்போது போனை அணைத்துவிட வேண்டும் என்பது அலுவலக விதி. அதையும் தட்டச்சு செய்து அனுப்பியவள் அவள்தான்.

அதிகாரியின் அறைக்குள் போனாள். எப்படியோ சொல்லி முடித்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“போலீஸுக்குச் சொல்லிடறேன். நீ இந்த ரிப்பன் கதையை இப்போ யார்கிட்டயும் எடுக்காதே. பள்ளிக்கூடத்துப் பக்கம் தேடட்டும். குழந்தை அங்கதான் எங்கயாவது விளையாடிட்டு இருக்கும். லிஸ்ட்ல தப்புன்னு நாமளே சொல்லிக்கிட்டா, நாளைக்கு பதினாலு பள்ளிக்கூடமும் வாசல்ல வந்து நிக்கும்.”

சொன்னபடி இருந்துவிடலாம். அதிகாரியே சொன்ன பிறகு அவள்மேல் பழியில்லை. பத்தொன்பது வருடமாக அவள் வேண்டிக்கொண்டதே அப்படி ஒரு நிழலைத்தான். மேசைக்குத் திரும்பி, எடுத்து வைத்தபடி கிடந்த ரிசீவரைப் பார்த்தாள். அதற்குள் அந்தத் தாய் இன்னும், “அலோ, இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எடுத்தாள்.

“அம்மா, உங்க பொண்ணு கல்குவாரி பஸ்ல ஏறியிருப்பா. தப்பு லிஸ்ட்லதான். லிஸ்ட்டைப் போட்டது நான். பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதீங்க, கல்குவாரிக்கு வாங்க. நானும் அங்கதான் வர்றேன்.”

மறுமுனையில் போன் துண்டிக்கப்பட்டது.

மூடிய பள்ளியின் டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டாள்; அங்கே மஞ்சள் ரிப்பன் கட்டியவர்கள் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து வீட்டுக்கும் போன் போட்டாள். ‘பயப்படாதீங்க’ என்று ஆரம்பித்தால் அதற்கே பயந்துவிடுவார்கள் என்று முதல் வீட்டில் தெரிந்துகொண்டாள். மற்ற நான்கில், “பாப்பா வீட்டுக்கு வந்தாச்சா?” என்று மட்டும் கேட்டாள். ஐவரும் வந்திருந்தார்கள். அண்ணனோ அக்காவோ கையைப் பிடித்துச் சரியான பஸ்ஸில் ஏற்றியிருந்தார்கள். இவளுக்கு மட்டும் அண்ணனும் இல்லை, அக்காவும் இல்லை.

“வாங்கக்கா, வண்டியை எடுக்கறேன்,” என்றாள் பக்கத்து மேசைக்காரி. சாவியை எடுத்துக்கொண்டாள். “கெட்டியா பிடிச்சுக்குங்க. பிரேக் சரியில்ல. அதை மட்டும் நீங்க சரிபாக்கலை.”

அவளால் சிரிக்க முடியவில்லை.

கடைசி நிறுத்தத்தில் ஒரு கடைக்காரர் இருந்தார். புதுப் பிள்ளை யாரும் இறங்கவில்லை என்றார். இறங்கவில்லை என்றால் எங்கே? வழியில் எங்காவது இறங்கியிருந்தால்? சாலையின் இடப்பக்கம் பள்ளத்துத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அதையே பார்த்தாள்.

பஸ் ஷெட் இன்னும் ஒரு மைல். ஆறாம் நம்பர் பஸ் கதவு மூடி, கண்ணாடிகள் ஏற்றி, வெயிலில் நின்றிருந்தது. டிரைவர் ஷெட்டின் குழாயடியிலிருந்து துண்டோடு ஓடிவந்தார்.

“எல்லாரும் இறங்கிட்டாங்கம்மா. நான் பாத்தேனே.”

“கடைசி சீட் வரைக்கும் நடந்து போய்ப் பாத்தீங்களாண்ணே?”

“கண்ணாடியில பாத்தேன்,” என்றார் அவர். கதவைத் திறந்தார்.

உள்ளே அடுப்படி போல அனல். சீட்டுகள் காலி. நடுவழியில் நடந்தாள். கடைசி வரிசைக்குக் கீழே ஒரு சின்னச் செருப்பு தெரிந்தது. அது அசையவில்லை.

தரையில் படுத்தாள். இருட்டில் இரண்டு கண்கள் விழித்துக்கொண்டிருந்தன.

“பாப்பா.”

பையைக் கட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை இன்னும் உள்ளே ஒடுங்கியது. தலைமுடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது.

“நீங்க யாரு?”

“பஸ் லிஸ்ட் போடறவ.”

“இது எங்க பஸ் இல்ல.”

“ஆமா கண்ணு. உன் பஸ் இல்ல.”

“நான் தெரியாம ஏறிட்டேன். யாராவது திட்டுவாங்கன்னு ஒளிஞ்சிக்கிட்டேன்.” உதடு கோணியது. “திட்டுவாங்களா?”

“தப்பு என்னுது,” என்றாள் அவள். “திட்டினா என்னைத்தான் திட்டணும். நீ வெளிய வா.”

சிறிது நேரம் அந்தக் கண்கள் அவளை எடைபோட்டன. பிறகு பை வந்தது, அதன் பின்னால் பிள்ளை.

கடைக்காரர் சொன்ன வழியில் தாய் வந்து இறங்கியபோது பக்கத்து மேசைக்காரி பிள்ளைக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். தாய் பிள்ளையின் தலை, கை, கால் எல்லாம் தடவிப் பார்த்தாள். நிமிர்ந்து கேட்டாள்: “போன்ல பேசினது யாரு?”

“நான்தாம்மா.”

திட்டு வரும் என்று நின்றாள். வரவில்லை. அந்தப் பார்வைக்குத் திட்டே தேவலை.

“நாளைக்கு இவளை எந்த பஸ்ல அனுப்பட்டும்?”

“பதினொண்ணு. சாயங்காலம் நானே பள்ளிக்கூடத்துல நின்னு ஏத்திவிடறேன்.”

சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அதிகாரி நாளை என்ன செய்வார் என்று தெரியாது. வேலை இருக்குமா என்றும் தெரியாது. ஆனால் பெரிய பள்ளியும் சின்னப் பள்ளியும் மட்டுமா? பன்னிரண்டு பள்ளிகள் மிச்சம். ஒவ்வொன்றிலும் யாரோ ஒரு டீச்சர் எதையோ கட்டிவிட்டிருப்பார். பஸ் படியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்த லிஸ்ட்டை எடுத்து மடியில் விரித்தாள்.

“அண்ணே, உங்களுது மஞ்சள். ஏழாம் நம்பர்ல என்ன தாள் ஒட்டியிருக்கு?”

“சிவப்பும்மா. எட்டு ஊதா. ஒன்பது... இருங்க, அவனுக்கே போன் போட்டுக் கேக்கறேன்.”

ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்தில் அதன் நிறத்தை எழுதினாள்; எழுத்து கோணல்மாணலாக வந்தது. காலை ஏழு மணிக்கு முதல் பஸ் கிளம்பும். அதற்குள் இன்னும் இருபத்தெட்டு பஸ் பாக்கி.