மழைக்கோட்டில் ஒரு மஞ்சள் மூடி

பத்தொன்பது வருடங்களாக ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வருவதே அவளுடைய வேலை. நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கென்று நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. அதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆற்றோர ஊர்களில் அவள் பாட்டிலக்கா. பஸ் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் கணவர் மட்டும் வேறு மாதிரி சொல்வார்: "ஊர்ல எல்லாரும் காசு குடுத்துத் தண்ணி பாட்டில் வாங்குறாங்க. என் பொண்டாட்டிக்குச் சம்பளம் குடுத்து ரொப்பச் சொல்றாங்க."

அவளைப் பெரிய கெட்டிக்காரி என்று எழுத எனக்கு மனமில்லை. ரசாயனம் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஒழுங்கு தெரியும். பாட்டிலை அந்தந்த இடத்துத் தண்ணீராலேயே மூன்று முறை அலசுவாள், நிரப்புவாள், இடமும் நேரமும் எழுதி ஒட்டுவாள், ஐஸ் பெட்டியில் வைப்பாள். வெள்ளை மூடி போட்ட பாட்டில் நைட்ரேட் சோதனைக்கு. மஞ்சள் மூடி போட்டது ஈயம், செம்பு போன்றவற்றுக்கு. அதில் இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலம் முன்பே விட்டிருக்கும், அதனால் அதை மட்டும் அலசுவதில்லை. அந்தப் பாட்டிலில் நைட்ரேட்டுக்குத் தண்ணீர் பிடித்தால், ஆற்றில் இல்லாத நைட்ரேட்டை நாமே கலந்ததாகிவிடும்.

போன வருடம் கீழ்க்கரை ஊரில் இரண்டு மாதக் குழந்தை ஒன்றின் உதடும் நகமும் நீலமாயின. தாய்க்குப் பால் போதவில்லை. பால்மாவைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து வந்தாள். அலட்சியக்காரி இல்லை, தண்ணீரைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்த பிறகே கரைப்பாள். ஆனால் குழந்தையை நீலமாக்கியது அந்தத் தண்ணீரில் ஏறியிருந்த நைட்ரேட், அது கொதித்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் அடர்த்தியாகும். அவள் காட்டிய அக்கறையே குழந்தைக்கு எமனாக வந்தது. ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்தார்கள். கிணற்றில் 'குடிக்கக் கூடாது' என்று பலகை மாட்டினார்கள், லாரியில் தண்ணீர் அனுப்பினார்கள், நைட்ரேட் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு குழுவும் போட்டார்கள்.

பத்து மாதத்தில் பாட்டிலக்கா இருநூற்றுப் பதினாறு பாட்டில் பிடித்தாள். லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. கிணற்றில் எழுபத்து நான்கு. ஊருக்கு அருகே ஆற்றில் நாற்பதை ஒட்டி. ஒரே ஒரு பாட்டில் மட்டும் நூற்று முப்பத்தெட்டு காட்டியது. ஆற்று வளைவில் இருக்கும் மாட்டுப் பண்ணையின் கழிவுநீர் வாய்க்காலில் பிடித்தது. குழு அதற்கு மேல் தேடவில்லை. பதினைந்து நாளில் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவு போனது. முப்பத்திரண்டு மாடுகள்.

உத்தரவு போன பத்தாம் நாள் மழை பிடித்தது. வேலைக்குக் கிளம்பியவள் பழைய மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பையில் கைவிட்டாள். உள்ளே ஒரு மஞ்சள் மூடி இருந்தது.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பண்ணை வாய்க்காலில் பிடித்த அன்றும் இதே மழை. வெள்ளை மூடிப் பாட்டில் ஒன்று கல்லில் விழுந்து விரிசல் விட்டது. திரும்பிப் போய் வேறு எடுத்துவர ஒன்றரை மணி நேரம் ஆகும். மஞ்சள் மூடிப் பாட்டிலைத் திறந்து, உடைந்ததன் வெள்ளை மூடியை அதற்குப் போட்டாள். எப்படியும் மூன்று தடவை அலசத்தானே போகிறோம் என்று நினைத்திருந்தாள். வாய்க்காலில் தண்ணீர் விரலளவுதான் ஓடியது. குவளையால் மொண்டு ஊற்றினாள். அலசினாளா?

"அலசினேனான்னு ஞாபகமே வரலைங்க," என்றாள் கணவரிடம்.

"நீ வீட்டு டம்ளரையே நாலு தடவை கழுவுறவ."

"ஞாபகம் வரலைன்னா அலசலைன்னுதான் அர்த்தம். அலசினது எல்லாம் ஞாபகம் இருக்கு."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஆறு மலையடிவாரத்தை விட்டு இறங்கும் இடத்திலிருந்து கிணறு வரை நடந்தாள். வழியில் பன்னிரண்டு இடங்களில் பிடித்தாள். பண்ணை வாய்க்காலும் அதில் ஒன்று. ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணி அலசினாள். ஆய்வக அதிகாரி முணுமுணுத்தபடியே சோதித்துக் கொடுத்தார்.

பண்ணை வாய்க்கால் நாற்பத்தொன்று. ஆற்றில் மலையடிவாரத்தில் ஒன்பது, அடுத்த வளைவில் பன்னிரண்டு, அதற்கடுத்து பதினாறு. அப்படியே ஏறி ஏறிக் கிணற்றருகே நாற்பத்து நான்கு. எங்கும் ஒரு குதிப்பு இல்லை, கை நீட்டிக் காட்ட ஒரு குழாய் இல்லை. இரண்டு கரையிலும் வயல்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மூட்டை போதும் என்ற இடத்தில் இரண்டு மூட்டை யூரியா. பயிர் எடுத்தது போக மீதி மண்ணுக்குள் இறங்கி, அடியிலேயே ஊறி ஆற்றுக்கும் கிணற்றுக்கும் வந்துகொண்டிருந்தது. நீலமான குழந்தையின் அப்பா உழும் வயலும் அதில் ஒன்று.

அதிகாரி காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "இப்போ நான் யாருக்கு நோட்டீஸ் அனுப்புறது? ஆத்துக்கா?"

"முதல்ல மாட்டுக்காரருக்குப் போனதை நிறுத்துங்க சார்."

"எப்படி நிறுத்துறது? பாட்டில் தப்புன்னு நீ எழுதிக் குடுக்கணும். குடுத்தா ஒரு பாட்டிலோட போகாதும்மா. இருநூத்திப் பதினாறையும் தூக்கிக் குப்பையில போடுவாங்க. கிணத்து எழுபத்து நாலும் சேர்ந்துதான் போகும்."

"கிணத்தை ஒழுங்காத்தான் பிடிச்சேன்."

"எனக்குத் தெரியும். அவங்க உன்னை நம்பணுமே."

எழுதாவிட்டால் பண்ணை போகும். எழுதினால் கிணற்றுப் பலகை போகும். அதிகாரி கெட்டவர் இல்லை. பேனாவை எடுத்து நீட்டவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவளே எடுத்து எழுதினாள். தப்பு தன்னுடையது என்பது ஒன்றுதான் அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அதைத் துணிச்சல் என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

நகலை எடுத்துக்கொண்டு பண்ணைக்கு ஓடினாள். பதின்மூன்றாம் நாள். கொட்டகை கழுவிவிட்டது போல் கிடந்தது. கன்று போடும் நாளில் இருந்த ஒரு மாட்டை மட்டும் லாரியில் ஏற்ற முடியாமல் விட்டிருந்தார்கள். மாட்டுக்காரர் அதன் பக்கத்தில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க பாட்டிலக்கா. பிடிக்கிறதுக்கு இனிமே இங்க ஒண்ணும் ஓடல."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூடியையும் காட்டினாள். அவர் அதை வாங்கி உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தார்.

"இத்தனூண்டு," என்றார். பிறகு, "அப்போ ஆத்துத் தண்ணி நல்லாத்தான் இருக்கா?"

"இல்லைண்ணே. கெட்டுதான் இருக்கு."

"யாரால?"

"எல்லாராலயும். உங்க பங்கும் கொஞ்சம் இருக்கு."

"எல்லாரும்னா யாரையும் பிடிக்க மாட்டாங்க. நான் ஒத்தையா இருந்தேன், பிடிச்சுட்டாங்க." மூடியைத் திருப்பிக் கொடுத்தார். "வித்த மாடு திரும்பி வராதும்மா. போங்க."

திட்டியிருந்தால் அவள் கொஞ்சம் தேறியிருப்பாள்.

அடுத்த மாதம் குழு கூடியது. அளவுகள் நம்பத்தக்கவை அல்ல, மூலம் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி விசாரணையை முடித்தார்கள். அதிகாரி பன்னிரண்டு பாட்டில் காகிதத்தை நீட்டிப் பார்த்தார். அது விடுப்பு நாளில் எடுத்தது, கணக்கில் சேராது என்றார்கள். லாரி நின்றது. பலகையைக் கழற்றினார்கள். பாட்டிலக்காவைச் சாமான் அறைக்கு மாற்றினார்கள். அங்கே அவள் காலிப் பாட்டில்களை எண்ணுகிறாள்.

பலகை போன மறுநாள் காலை அவள் கீழ்க்கரை ஊருக்கு முதல் பஸ்ஸில் போனாள். கிணற்றடியில் நாலைந்து பெண்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தத் தாயும் வாளியோடு நின்றாள். குழந்தை இப்போது கொழுகொழுவென்று, பாட்டிலக்காவின் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"இதைக் குடிக்காதம்மா. குழந்தைக்குக் குடுத்துடாத."

"பலகையை எடுத்துட்டாங்களே அக்கா."

"எடுத்தது தப்பு. தண்ணி அப்படியேதான் இருக்கு. நான் சொல்றேன்ல."

"அன்னிக்கும் நீங்கதானே பாட்டில் பிடிச்சீங்க," என்றாள் இன்னொருத்தி. "உங்களால அந்த மனுஷன் மாட்டையெல்லாம் வித்துட்டுப் போனாரு. இப்போ இந்தக் கிணத்தையும் மூடணுமா? லாரி வராது, ஆத்துக்குப் போய் எடுத்துட்டு வரச் சொல்றீங்களா?"

பாட்டிலக்கா வாளியின் பிடியைப் பிடித்துக்கொண்டாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தாய் கோபப்படவில்லை. விரல் விரலாக அவள் கையை விலக்கினாள்.

"பயப்படாதீங்க அக்கா," என்றாள் ஆறுதலாக. "முன்ன மாதிரி இல்ல. இப்போ அரை மணி நேரம் கொதிக்கவெச்சுக்கிறேன்."