கதவோரத்துப் பெயர்

எங்கள் கம்பெனியின் பெயர் விமானத்தில் ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது. முன்கதவுக்குப் பக்கத்தில், ஏறுகிறவர்கள் தலையைக் குனிந்து நுழையும் இடத்தில், ஒரு சாண் நீள ஸ்டிக்கர். ‘இந்த விமானத்தை இயக்குபவர்கள்’ என்று சின்ன எழுத்தில் தொடங்கி, அதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எங்கள் பெயர். மற்றபடி வாலிலும் மூக்கிலும் இருக்கைத் துணியிலும் பணிப்பெண்களின் கழுத்துச் சால்வையிலும் தேநீர்க் கோப்பையிலும் இருந்ததெல்லாம் எங்களைக் கூலிக்கு அமர்த்திய பெரிய கம்பெனியின் பெயர், பெரிய கம்பெனியின் நிறம். பயணிகள் அந்தப் பெயரில் ரிக்கற் வாங்கினார்கள். பெட்டி தவறிப்போனால் அந்தப் பெயரைத்தான் திட்டினார்கள். நான் மூன்று வருடம் வேலை செய்த இடத்தின் பெயர் என் அம்மாவுக்கே வாயில் வராது. கோயிலில் யாராவது விசாரித்தால் பெரிய கம்பெனியின் பெயரைத்தான் சொல்லுவா. நானும் திருத்தவில்லை.

லண்டனின் சின்ன விமான நிலையமொன்றில், ஓடுபாதை தெரியும் ஓர் அறையில் எனக்கு வேலை. ஒவ்வொரு விமானமும் புறப்பட முன்னர், எத்தனை பேர், எத்தனை பெட்டி, எவ்வளவு எண்ணெய், பாரம் எந்தப் பக்கம் கூடுகிறது என்று கணக்குப் பார்த்து, அந்தத் தாளை விமானியிடம் கொடுக்கவேண்டும். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அப்பா எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்தவர். அம்மா அதிலும் குறைவு. எனக்கு எட்டு வயதானதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதங்களை நான்தான் வாசித்தேன். முதலில் கவுன்சில் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம். பிறகு அப்பாவின் சிநேகிதர்களும் தங்கள் கடிதங்களோடு வரத் தொடங்கினார்கள். வாசித்துவிட்டு, “ஒண்டும் பிரச்சினை இல்லை” என்பேன், அல்லது “இதுக்குப் பதில் போடவேணும்” என்பேன். அந்த ஒரு வார்த்தையில் பெரிய மனிதர்களின் தோள்கள் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தேன். அதனால் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. யாராவது என்னிடம் ஒன்றைக் கேட்டால், தெரியாது என்று சொல்ல எனக்கு வராது.

அப்பா தெற்கு லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறார். அதிகாலை ஷிப்ட் முடிந்து மத்தியானம் நான் கடைக்குள் நுழைந்தால், மரக்கறிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே கேட்பார்.

“இண்டைக்கு எப்பிடி, சனமோ?”

“ஃபுல் அப்பா. வடக்கை போன மூண்டும் ஃபுல்.”

“அப்ப பயமில்லை.”

கடைக்காரருக்குச் சனம்தான் அளவு. கதவு மணி அடித்துக்கொண்டே இருந்தால் அந்த வாரம் நல்ல வாரம். அந்தக் கடையின் பின்னறையில் வீட்டுப்பாடம் செய்தவன் நான். என்னுடைய அளவும் அதுவாகத்தான் இருந்தது என்று அப்போது நான் அறியவில்லை.

உண்மையில் அந்தச் சனம் எங்களுடையது அல்ல. ரிக்கற் விற்றது பெரிய கம்பெனி. விலை வைத்ததும் நேரம் குறித்ததும் அதுதான். எண்ணெய்க் காசும் அதன் பொறுப்பு. எங்களுக்குக் கிடைத்தது ஓட்டுகிற கூலி. ஆசனமெல்லாம் நிரம்பினாலும் அதே கூலி, ஒருவருமே ஏறாவிட்டாலும் அதே கூலி. எங்களுடையது என்று இருந்தது ஓர் ஒப்பந்தம் மட்டுமே. அதுவும் அந்த ஒரே கம்பெனியுடன். இதையெல்லாம் முதல் வாரப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். கொப்பியில் எழுதியும் வைத்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் என் கண் பார்த்தது தலைகளைத்தான்.

விமானங்களைத் திருத்தும் மெக்கானிக்குகளில் ஒரு தமிழர் இருந்தார். அண்ணை என்றே கூப்பிட்டுப் பழகினேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஜெர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று கிழக்கு லண்டனில் அப்டன் பார்க்குக்கு வந்தவர். விமானத்தின் கையேடுகளை மளமளவென்று வாசிப்பார். கடிதங்கள்தான் அவருக்கு ஒத்துவராது.

“மனுவல் நேர சொல்லும் தம்பி. கழட்டு எண்டால் கழட்டு. உவையின்ர கடிதம் கழட்டச் சொல்லுதோ, பூட்டச் சொல்லுதோ எண்டு கடைசி வரைக்கும் விளங்காது.”

ஓர் இளவேனிற்காலச் செவ்வாய்க்கிழமை, கன்ரீனில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் எதிரில் வந்து உட்கார்ந்து ஒரு கடிதத்தை நீட்டினார். ரயில் பெட்டிகளைத் திருத்தும் டிப்போவிலிருந்து வந்திருந்தது. நிரந்தர வேலை. சம்பளம் இங்கே உள்ளதைவிடக் கொஞ்சம் குறைவு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

“நல்ல வேலைதான் அண்ணை.”

“அது எனக்கு விளங்கினது. நான் கேக்கிறது இஞ்சத்தைக் கதை. எங்கட கொன்ட்ராக்டைப் புதுப்பிப்பினமோ?”

“ஏன் திடீரெண்டு கேக்கிறியள்?”

“நாலாம் நம்பர் விமானம் இந்த மாசம் பெயின்ற்றுக்குப் போறதாய் இருந்தது. இப்ப வேண்டாமாம். வாலெல்லாம் உரிஞ்சுபோய்க் கிடக்கு. கலியாணத்துக்கு நாள் வைச்சுப்போட்டு, மாப்பிள்ளை வீட்டுக்காரர் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்காமல் இருந்தால் நீ என்னெண்டு நினைப்பாய்?”

“மாப்பிள்ளை கஞ்சக் கசவாரமெண்டு நினைப்பன்.”

அவர் சிரித்தார். “பகிடியை விடு. படிச்சனி நீ. சொல்லு, இருக்கிறதோ, போறதோ?”

நான் ஃபோனை எடுத்து, மூன்று வாரமாகக் குறித்து வைத்திருந்த பயணிகள் தொகையை ஒவ்வொன்றாகக் காட்டினேன். எங்கள் விமானங்களில் எழுபத்தெட்டு ஆசனம். எழுபதுக்குக் கீழே ஒன்றும் இறங்கியிருக்கவில்லை.

“இவ்வளவு சனம் போற வழியை ஆர் அண்ணை மூடுவினம்? நில்லுங்கோ.”

“நிக்கட்டோ?”

“நில்லுங்கோ.”

அவர் கடிதத்தை நான்காக மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்தார். தோள்கள் இறங்கின. நான் நன்றாக அறிந்த இறக்கம் அது. சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை, குளிர்கால அட்டவணை பெரிய கம்பெனியிலிருந்து வந்தது. எங்கள் பறப்புகளெல்லாம் அதில் இருந்தன. அதே இலக்கங்கள், அதே நேரங்கள். விமானத்தின் வகையைக் குறிக்கும் இடத்தில் மட்டும், ஒக்டோபர் கடைசிக்குப் பிறகு, வேறொரு எழுத்தும் எண்ணும் இருந்தன. நூற்றைம்பது பேருக்கு மேல் ஏற்றும் ஜெட் விமானம் அது. எங்களிடம் அப்படி ஒன்று இல்லை. யாரோ பிழையாக அடித்துவிட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கீழே இறக்கி மறுபடியும் மேலே ஏற்றிப் பார்த்தேன். எல்லா வரியிலும் ஒரே பிழையை எவரும் அடிக்கமாட்டார்கள்.

யன்னலுக்கு வெளியே அண்ணை ஏணியில் நின்றுகொண்டிருந்தார். இறங்கிப் போனால் இரண்டு நிமிடம். போய் என்ன சொல்வது? செவ்வாய்க்கிழமை நில்லுங்கோ என்றவன், வியாழக்கிழமை போய், எனக்குச் சரியாகத் தெரியவில்லை, நீங்களே யோசியுங்கோ என்று சொல்லவேண்டும். திங்கட்கிழமை மனேஜரிடம் கேட்டு, நிச்சயமாகத் தெரிந்துகொண்டு சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். திங்கட்கிழமைக்கு முன் வெள்ளிக்கிழமை வரும் என்பது எனக்குத் தெரியாமலில்லை. வெள்ளிக்கிழமை அண்ணை டிப்போவுக்கு ஃபோன் எடுத்து, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மனேஜர், “அதெல்லாம் எனக்கே சொல்லமாட்டார்கள்” என்றார்.

மூன்று வாரம் கழித்து எல்லோரையும் விமானக் கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். பெரிய கம்பெனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. எங்கள் தலைவர் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. இந்த வழிகளில் ஆட்கள் கூடிவிட்டபடியால், பெரிய கம்பெனி தன்னுடைய பெரிய விமானங்களையும் தன்னுடைய ஊழியர்களையும் கொண்டு தானே ஓட்டப்போகிறது. எங்கள் சேவைக்கு நன்றி.

ஆட்கள் கூடிவிட்டபடியால். எந்தத் தொகையைக் காட்டி அவரை நில்லுங்கோ என்றேனோ, அந்தத் தொகைதான்.

யாரோ ஒரு விமானி, எங்கள் சொந்தப் பெயரில் ஓடினால் என்ன என்று கேட்டார். புறப்படும் நேரங்கள் பெரிய கம்பெனிக்குச் சொந்தம், ரிக்கற் விற்கும் வழியும் அதனுடையது என்றார் தலைவர். அதற்குமேல் அவர் சொல்லாவிட்டாலும் எல்லோருக்கும் விளங்கியது. எங்கள் பெயரை யாருக்குத் தெரியும்? அண்ணை கூட்டத்தில் என் பக்கம் திரும்பவில்லை. கொட்டகைக் கதவுக்குப் பக்கத்தில் நின்று, கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

அன்று கடைக்குப் போனபோது அப்பா வழக்கம்போலக் கேட்டார். நான் சொன்னேன்.

“சனம் வருதெண்டாய்?”

“வருது அப்பா. அதாலைதான் தாங்களே எடுக்கினம்.”

அப்பா வெண்டிக்காய்ப் பெட்டியைக் கீழே வைத்தார்.

“அப்ப அது உங்கட கடை இல்லை. நீங்கள் கல்லாவிலை நிண்ட ஆக்கள்.”

அதன்பிறகு அவர் சனத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்தக் கோடை முழுவதும் விமானங்கள் நிரம்பித்தான் பறந்தன. தாள் எழுதும்போது எழுபத்தெட்டு என்று போட எனக்குக் கை கூசியது. அண்ணை டிப்போவுக்கு மறுபடியும் ஃபோன் எடுத்தார். அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம். ஒரு மாதத்துக்கு முதல் ஃபோன் எடுத்திருந்தால் நல்லது என்றார்களாம். இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. இன்னொரு மெக்கானிக் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

விமானங்கள் வாடகைக்கு எடுத்தவை. திருப்பிக் கொடுக்க முன் எங்கள் பெயரை எடுத்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் ஒரு பின்னேரம், நாலாம் நம்பர் விமானத்தின் கதவோரம் அண்ணை சூடான காற்று ஊதும் கருவியால் ஸ்டிக்கரை இளக்கி, பிளாஸ்டிக் தகடொன்றால் சுரண்டிக்கொண்டிருந்தார். வால் உரிந்தபடியே இருந்தது. அதை யாரும் கவனிக்கச் சொல்லவில்லை. நான் படியில் ஏறிப்போய் நின்றேன்.

“அண்ணை, உங்களிட்டை ஒண்டு சொல்லவேணும். நீங்கள் டிப்போவுக்குப் பதில் சொல்லுறதுக்கு முதல்நாள், வியாழக்கிழமை, எனக்கு அட்டவணை வந்தது. அதிலை எங்கட விமானம் இல்லை. நான் பாத்தனான்.”

காற்றுக் கருவியை நிறுத்தினார்.

“வியாழக்கிழமையோ?”

“ஓம்.”

“ஏன் சொல்லேல்லை?”

“எனக்கு வடிவாத் தெரியேல்லை அண்ணை. நிச்சயமாத் தெரிஞ்சால் சொல்லலாம் எண்டு…”

“எனக்கும் வடிவாத் தெரியாதுதானே தம்பி. அதுக்குத்தானே உன்னைக் கேட்டனான்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்க ஓர் இடம் கிடைத்திருக்கும். கருவியை மறுபடி போட்டார். ஸ்டிக்கர் எழுத்தெழுத்தாகப் பிய்ந்து வந்தது. அதை உருட்டிப் பைக்குள் போட்டார். அது இருந்த இடம் மற்ற இடத்தைவிடச் சுத்தமான வெள்ளையாக இருந்தது. “தள்ளி நில், சூடு” என்றார்.

எனக்கு இரண்டு மாதத்தில் வேலை கிடைத்தது. பெரிய விமான நிலையம். அங்கேயும் அதே தாள்தான் எழுதுகிறேன். என் கழுத்துப் பட்டியில் இருக்கும் பெயர் எனக்குச் சம்பளம் தருகிறவர்களின் பெயர் அல்ல. இப்போது அதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தி வைத்திருக்கிறேன். அண்ணை பார்சல் வான் ஓட்டுகிறார். விமானத்தில் கை வைக்காமல் நாள் போகப்போக, திருத்தியதற்குக் கையெழுத்துப் போடும் அவருடைய உரிமமும் ஒரு நாள் செல்லாமல் போய்விடும். அது எனக்குத் தெரியும். அவருக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

போன மாதம் எங்கள் இடத்தில் மெக்கானிக் வேலைக்கு விளம்பரம் வந்தது. உடனே அவருக்கு ஃபோன் எடுத்தேன். வான் சத்தம் கேட்டது. எங்கேயோ ஓரமாக நிறுத்தினார்.

“அண்ணை, படிவம் இருபது பக்கம் வரும். நான் வந்து நிரப்பித் தாறன். ஞாயிற்றுக்கிழமை வரட்டோ?”

“அது கண்டனான் தம்பி. மனுசி நிரப்புறா.”

அவருடைய மனைவிக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். இங்கிலிஷ் அவரைவிடக் குறைவு.

“அக்காவுக்குக் கஷ்டமா இருக்குமே அண்ணை.”

“ஓம், கஷ்டம்தான். சொல்லுச் சொல்லாத் தேடித்தேடிப் பாக்கிறா. ரெண்டு நாளாச்சு, இன்னும் ஆறாம் பக்கம். ஆனால் தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுறா.”

குத்திக்காட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தார்கள். அம்மா சுகமோ என்று கேட்டார். சுகம் என்றேன். வைக்கிறன் தம்பி என்று வைத்துவிட்டார்.