பத்து லட்சத்து ஒன்பதாயிரத்துத் தொண்ணூற்றொன்று

10,09,091. இந்த எண்ணை நான் இன்றுவரை மறக்கவில்லை. இரண்டிலிருந்து தொண்ணூற்றாறு வரை எதனாலும் இது மிச்சமில்லாமல் வகுபடாது. 97, 101, 103 என்ற மூன்று பகா எண்களைப் பெருக்கினால் வருவது. கணக்கில் எனக்கிருந்த கொழுப்புக்கு இதைவிட அழகான எண் கிடைத்திருக்காது.

எண்பதுகளின் கடைசி. திருமுடிவாக்கத்தில் இரும்புத் தகடு வெட்டும் சின்னப் பட்டறையில் நான் சூப்பர்வைசர். டிப்ளமோ முடித்த புதிது. ஒருநாள் வெட்டும் மெஷினுக்குள் இரும்புத் துண்டு விழுந்து, வரிசையாகச் சுற்றும் மூன்று பல்சக்கரங்களிலும் ஒவ்வொரு பல் உடைந்துவிட்டது. சக்கரங்களுக்கு 97, 101, 103 பற்கள். ஒரு பல் போனால் பக்கத்துப் பல் தாங்கிக்கொள்ளும். மூன்று பொக்கையும் ஒரே நொடியில் கடிக்க வந்தால் பிடி நழுவும், கத்தி தானாக இறங்கிவிடும்.

மெஷின் ஓட்டிய அண்ணன் பயந்துபோய், தகட்டைக் கையால் தள்ளாமல் கட்டையால் தள்ள ஆரம்பித்தார். வேலை பாதியானது. புதுச் சக்கரம் வர ஒரு மாதமாகும். முதலாளி கத்தினார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பேப்பரை எடுத்தேன்.

"மூணுக்கும் பொது வகுத்தியே இல்ல சார். பத்து லட்சத்துச் சொச்சம் பல் கடிச்சாத்தான் மூணும் ஒருதடவை சேரும். ஒரு நாளைக்குப் பத்தொம்பதாயிரத்து நானூறுக்கு மேல கடிக்காது. அம்பத்திரண்டு நாள் தைரியமா ஓட்டலாம்."

முதலாளிக்கு முகமெல்லாம் பல். அண்ணன் மட்டும் மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சார், கரீட்டா சொல்றியா? உள்ள ஒரு மாரி சத்தம் வந்துகினே கீது."

"வரட்டும்ணா. கட்டையைத் தூக்கிப் போடுங்க. என் கணக்கு தப்பாது."

போட்டுவிட்டார். என்னை நம்பித்தான் போட்டார்.

மூன்று பொக்கைக்கும் மூன்று 'டொக்'. சில சமயம் இரண்டு சேர்ந்து ஒன்றாகக் கேட்கும். அப்போதெல்லாம் அண்ணன் என்னைத் திரும்பிப் பார்ப்பார். இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று விரலை மடக்கிக் காட்டிச் சிரிப்பேன். ஆனால் எனக்கும் ராத்திரி தூக்கம் சரியாக இல்லை. ஏதோ ஒன்றை விட்டுவிட்டோம் என்று மனசு குடைந்துகொண்டே இருந்தது. போய்ச் சொல்ல ரோஷம் விடவில்லை.

பதினோராம் நாள் காலையில் மூன்றும் சேர்ந்து ஒரே ஒரு சத்தம் கேட்டது. அண்ணனின் வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன.

ஒருமுறை சேர்ந்தால் மறுமுறை சேர எவ்வளவு ஆகும் என்பதைத்தான் அந்த எண் சொல்லும். முதல்முறை எப்போது என்று சொல்லாது. உடைந்த அன்று பொக்கைகள் எங்கெங்கே நின்றன என்று நான் பார்க்கவே இல்லை. அடுத்த நிமிஷமே சேர்ந்திருக்கலாம். மடையன், அன்றிலிருந்து ஐம்பத்திரண்டை எண்ணிக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் விழுவதென்றுதான் போனேன். அவர் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"நானும் வூட்டுச் செவுத்துல தெனம் ஒரு கோடு போட்டுகினுதான் சார் வந்தேன். பதினொண்ணுதான் கீது. நான்தான் எங்கியோ தப்பா எண்ணிட்டனா?"