பதினோராம் கூண்டின் தம்பதி

பதினோராம் கூண்டுக் கிளிகளைப் பிரிக்கப்போகிறார்களாம். உயிரியல் பூங்காவின் டிக்கெட் கவுண்டர்காரர் சொன்னார். அவருக்குத் தீவன லாரி ஓட்டுநர் சொன்னாராம். மேலாளர் போனில் பேசியது ஓட்டுநரின் காதில் விழுந்ததாம். இத்தனை வாய் மாறி வந்த செய்தியை நம்பலாமா என்று யோசிக்கக் கிளியம்மாவுக்குப் பொறுமை இல்லை. கேரட் வாளியைக் கவுண்டர் வாசலிலேயே வைத்துவிட்டு அலுவலகத்தைப் பார்த்து நடந்தார்.

கிளியம்மா என்பது பூங்கா வைத்த பெயர். அதற்கு முன் அவர் ஒரு ஹோட்டல் சலவை அறையில் பத்து வருடம் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர். பிறகு பூங்காவின் சமையலறையில் குரங்குகளுக்குப் பழம் நறுக்கினார். பறவைப் பிரிவில் இருந்த ஆளுக்குச் சாம்பல் கிளிகளின் இறகுத் தூள் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுக்கத் தொடங்கியதும், ஊழியர்களை வரிசையாகக் கூண்டுக்குள் அனுப்பிப் பார்த்தார்கள். எல்லோரும் தும்மினார்கள். கிளியம்மா தும்மவில்லை. நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

அந்தக் கிளிக்கு உடம்பெல்லாம் மாவு மாதிரி மெல்லிய தூள் படிந்திருக்கும். இறகைப் பராமரிக்க இயற்கை கொடுத்த பவுடர். சாயங்காலம் கதவைத் திறக்கும்போதெல்லாம் கணவர், "மாவு மில்லு வந்தாச்சு" என்பார்.

ஆப்பிரிக்கக் காடுகளின் கிளி அது. சாம்பல் உடம்பு, ரத்தச் சிவப்பில் வால். பேசுவதில் அதை மிஞ்ச ஆள் குறைவு. காட்டில் கூட்டமாக இருக்கும். ஒன்று கூப்பிட, இன்னொன்று பதில் சொல்ல, பொழுதெல்லாம் ஒரே கச்சேரிதான். கூண்டில் அந்தப் பதிலுக்கு மனிதர்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் நம் குரலைப் பிடித்துக்கொள்கிறது என்பது கிளியம்மாவின் கட்சி.

எட்டு வருடம் முன்பு இரண்டும் வந்து இறங்கிய பெட்டியின் மேல் 'ஜோடி' என்று எழுதியிருந்தது. இந்த இனத்தில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒரே அச்சு. ஓர் இறகைப் பரிசோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். பெட்டியிலேயே எழுதியிருக்கும்போது யார் அனுப்புவார்கள்? நெஞ்சை நிமிர்த்தி நடந்த பெரியதற்கு மாப்பிள்ளை என்றும், ஒதுங்கி நின்றதற்குப் பொண்ணு என்றும் கிளியம்மா பெயர் வைத்தார். மாப்பிள்ளை பொண்ணுக்கு அலகோடு அலகு வைத்து ஊட்டும். மற்ற நேரத்தில் கிளியம்மாவின் குரலிலேயே, "கண்ணாடியத் தட்டாதீங்க! உங்களத்தான், தொப்பி!" என்று அதட்டும். தொப்பி போடாதவர்களும் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

"சார், கிளியப் பிரிக்கப்போறீங்களா?" மேலாளர் அறைக்குள் நுழைந்த கையோடு கேட்டார் கிளியம்மா.

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. உண்மையா, இல்லையா?"

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் உண்மை என்று அர்த்தம்.

"எட்டு வருஷம்மா. ஒரு முட்டை உண்டா? வேற பூங்காவுல ஒரு ஆண் கிளி தனியா நிக்குது. நம்ம பொண்ண அனுப்பினா அங்கயாவது குஞ்சு வரும். காட்டுல இதுங்க குறைஞ்சுக்கிட்டே வருதுன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?"

"வேணாம் சார், தெரியும். பொண்ணுக்குக் கால் வீங்கி நாலு நாள் ஆஸ்பத்திரில வெச்சப்ப, மாப்பிள்ளை தன் மார்ல ஒரு இறகு மிச்சம் வெக்காம பிடுங்கிப் போட்டுச்சே, அதுவும் தெரியும். இந்தத் தடவ நாலு நாளோட போகாது."

அந்த மொட்டை மார்பு மேலாளருக்கும் நினைவிருந்தது. மேசைக் காலண்டரைப் புரட்டினார்.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் தரேன். ஒரே ஒரு முட்டை வரட்டும், நான் கையெழுத்துப் போடல."

அன்றிலிருந்து கிளியம்மாவின் கால் தரையில் நிற்கவில்லை. காட்டில் அவை உயர்ந்த மரப்பொந்தில் முட்டையிடும்; ஆகவே ஆழமான மரப்பெட்டி ஒன்றை உயரத்தில் மாட்டி, அடியில் மரச்சீவல் பரப்பினார். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீன் ஓடு தொங்கியது. பார்வையாளர்கள் எட்டிப் பார்க்காமல் இருக்க, கண்ணாடியில் பாதிக்கு வீட்டுத் திரைச்சீலை ஏறியது. திரை போன ஜன்னலைப் பார்த்துக் கணவர் பெருமூச்சு விட்டார்.

"நமக்குக் கல்யாணம் ஆனப்ப இப்படி ஒரு ரூம் அமையலயே."

"நீங்க எனக்கு ஊட்டி விட்டீங்களா? அது ஊட்டுது. அதுக்கு ரூம்."

பதினெட்டாம் நாள் காலை, பெட்டிக்குள் ஒரு வெள்ளை முட்டை. கிளியம்மா போட்ட சத்தத்தில் பக்கத்துக் கூண்டு ஆந்தை விழித்துக்கொண்டது. மேலாளர் போனிலேயே குதித்தார். "நாளைக்குப் போட்டோகிராபரோட வரேன்! மாப்பிள்ளைக்கு என் வாழ்த்தச் சொல்லுங்க!" டிக்கெட் கவுண்டர்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

மத்தியானம் தண்ணீர் மாற்றப் போனபோது கிளியம்மா மறுபடி எட்டிப் பார்த்தார். இரண்டு முட்டைகள்.

முகத்தில் வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. சாம்பல் கிளி ஒரு முட்டை போட்டால் அடுத்ததற்கு இரண்டு மூன்று நாளாவது ஆகும். கோழிகூட ஒரே நாளில் காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று போடுவதில்லை. அப்படியானால் இரண்டாவதைப் போட்டது யார்?

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்பினார். வந்த டாக்டரம்மா பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அக்கா, உங்க மாப்பிள்ளையும் பொண்ணுதான்!"

"சிரிக்காதீங்க டாக்டரம்மா, வயித்தெரிச்சலா இருக்கு. எட்டு வருஷமா நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்துச்சே!"

"ஏன், பொண்ணுன்னா நடக்கக் கூடாதா? நீங்க நடக்கலயா? அத விடுங்க. ஒரு முட்டைய எடுத்து மறைச்சுடுங்க. நான் எதையும் பாக்கல."

கிளியம்மாவின் கை பெட்டி வரை போய்த் திரும்பியது. மறைத்தால் ஒரு மாதம் ஓடும். குஞ்சு வராது. ஆணில்லாத கூட்டில் எங்கிருந்து வரும்? மாப்பிள்ளை சரியில்லை என்று அப்போதும் பிரிப்பார்கள். உண்மையைச் சொன்னாலோ நாளைக்கே பிரிக்கலாம். இரண்டும் பெண் என்றால் ஒன்றை அனுப்ப மேலாளருக்கு என்ன தயக்கம்? அந்த ஆண் கிளியும் பாவம், எங்கோ பதில் கிடைக்காமல் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

"டாக்டரம்மா, நம்ம பொண்ண அங்க அனுப்புறதுக்குப் பதிலா, அந்த ஆண் கிளிய இங்க வரவழைச்சா என்ன? பின்னாடி பெரிய கூண்டு காலியாத்தான கிடக்கு. மூணும் இருக்கட்டும். யாருக்கு யார்னு அதுங்களே பாத்துக்கட்டும்."

டாக்டரம்மா சிரிப்பை நிறுத்தினார். "கூட்டமா வாழுற பறவைதான். சண்டை போடுதான்னு கொஞ்ச நாள் தள்ளி வெச்சுப் பாக்கணும். ஆனா சார் ஒத்துக்கணுமே. எல்லாருக்கும் சொல்லிட்டு நிக்கிறாரு."

"ஒரு முட்டைதான கேட்டாரு? ரெண்டு குடுத்திருக்கோம்."

சொன்னபோது இருந்த தெம்பு மேலாளரின் போன் எண்ணை அழுத்தும்போது இல்லை. போன் காதில் ஒலித்தது. நான்கு முறை, ஐந்து முறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை பெட்டி விளிம்பில் தொற்றிக்கொண்டு உள்ளே ஊட்டிக்கொண்டிருந்தது. எப்படி ஆரம்பிப்பது? 'சார், ஒரு சின்ன விஷயம்' என்றா, 'சார், உக்காந்துக்கிட்டு இருக்கீங்களா' என்றா?

எட்டாவது முறை ஒலித்தது. மேலாளர் இன்னும் எடுக்கவில்லை. கிளியம்மா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.