மெல்லாமல் விழுங்கிய களி

2006 டிசம்பர். பெங்களூரில் இருந்தோம். மனைவிக்கு மூன்றாம் மாதம். எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. திங்கட்கிழமைக்குள் ஒரு வேளைச் சாப்பாடாவது வயிற்றில் தங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். முந்தைய வருடம் ஒரு கருவை இழந்தது அதே ஆஸ்பத்திரியில்தான். அந்தக் கட்டிலில் மறுபடியும் படுப்பதற்கு மனைவி பயந்தாள்.

வீட்டுச் சமையல் வாடை அவளுக்கு ஆகவில்லை. அதனால் மாதத் தொடக்கத்திலிருந்தே ஞாயிறுதோறும் வெளியூருக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். எதற்கும் பட்டியல் போடுகிறவன் நான். அலுவலகத்தில் புகழப்பட்ட சாப்பாட்டு இடங்களைத் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தேன். முதல் ஞாயிறு கிருஷ்ணகிரி அணையில் பொரித்த மீன். வாடைக்கு அவள் காரைவிட்டே இறங்கவில்லை. அடுத்த வாரம் ஓசூரில் பிரியாணி, இரண்டே வாய். திரும்பும் வழியில் எல்லை ஊரான ஜூஜுவாடி தாண்டுவதற்குள் அதுவும் வெளியே வந்துவிட்டது. மசக்கைக்காரியை மீன் பொரிக்கும் இடத்துக்குக் கூட்டிப்போன என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கெடுவுக்கு முந்தைய நாள் பட்டியலில் இருந்தது ஓசூர் தாண்டிக் கெலமங்கலம். கணவனும் மனைவியுமாக நடத்திய சின்ன மெஸ், ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக்குப் பேர்போனது. வழியில் நான்கு முறை நிறுத்தியதில், போய்ச் சேர மணி மூன்றாகிவிட்டது. இலையில் குழம்பு ஊற்றியதும் அவள் எழுந்து பின்பக்கம் போனாள். வெகுநேரம் திரும்பாததால் நானும் போனேன். வாந்தி எடுக்கவில்லை. நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெஸ்காரம்மா தன் சாப்பாட்டுடன் உட்கார்ந்திருந்தார். கேழ்வரகுக் களி, பிதுக்கிய அவரைக் குழம்பு. பச்சை அவரைக் கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்வது. பனிக்காலத்தில் அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு அதுதான்.

"என்னங்க, அது எனக்குக் கிடைக்குமா?" என்றாள்.

அந்தம்மாவுக்குக் கூச்சம். விற்பதற்கு இல்லை, வீட்டுக்கு ஆக்கியது என்றார். முன்பக்கத்திலிருந்து அவர் வீட்டுக்காரர் கேட்டார்: "பெங்களூர்ல இருந்து காரு போட்டுகினு வந்து களி கேட்டா, நான் ஆக்கின கறிய யாரு துன்றது?"

அந்தம்மா தெலுங்கில் ஏதோ சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டு, ஒரு தட்டில் பாதி உருண்டை வைத்தார். என் மனைவி மதுரைப் பக்கம், களி தின்று பழக்கமில்லை. ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். உடனே முகம் மாறியது. கை வாயைப் பொத்தியது.

"மெல்லாத கண்ணு. கொழம்புல தொட்டு அப்டியே முழுங்கு" என்றார் அந்தம்மா.

இரண்டாவது துண்டை மெல்லாமல் விழுங்கினாள். பிறகு மூன்றாவது. நான் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை. மீதிப் பாதியையும் கேட்டு வாங்கினாள். என் இலையில் இருந்த கறியை நான் அப்புறம்தான் ருசி தெரிந்து சாப்பிட்டேன்.

வீடு வரும்வரை காரை நிறுத்தவில்லை. மறுநாள் டாக்டர் அம்மா வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நேற்றுச் சாப்பிட்டது என்ன, தங்கியதா என்று கேட்டார். களி என்றதும் சிரித்து, இனி சேர்க்க வேண்டியதில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம்.

"இன்னைக்கு லீவு போடுவீங்களா?" என்றாள். "பசிக்குது."

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பத்தரைக்கெல்லாம் மறுபடியும் கெலமங்கலம் போக ஓசூர் ரோட்டில் இருந்தோம்.