கண்ணாடியைத் துடைத்தால் சத்தம் குறையும்

மைக்செட்காரர் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கைகழுவியவர். ஆனால் இந்த ஊரில் எவ்வளவு பெரிய பட்டம் வாங்கியவன் குரலும் அவர் தயவில்லாமல் பத்தடி தாண்டாது. பெட்டி, ஹார்ன், வயர் எல்லாம் சொந்தக் கையால் சேர்த்தது. எந்தக் கட்சித் தலைவர் எந்த இடத்தில் இருமுவார் என்பதுகூட அவருக்கு அத்துப்படி.

நகராட்சியின் குறைகேட்புக் கூட்டத்துக்கும் அவர்தான் செட். அங்கே வாய்விட்டுச் சொல்லாத ஏற்பாடு ஒன்று உண்டு. ஆணையர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால், பேசுகிறவரின் மைக்கைத் தணித்துவிட வேண்டும். பேசுகிறவர் மைக்கைத் தட்டுவார், ஊதுவார், சலித்துப்போய் உட்கார்ந்துவிடுவார். கூட்டம் சுமுகமாக முடியும். மைக்செட்காரருக்கு அடுத்த கூட்டமும் உறுதி.

அன்று மைக் முன்னால் நொண்டிக்கொண்டு வந்து நின்றது அவர் மனைவி. தன் தையல் கடை வாசலில் மூடியில்லாத சாக்கடையில் முந்தின நாள்தான் விழுந்திருந்தார். காலையிலேயே வீட்டில் கச்சேரி நடந்து முடிந்திருந்தது.

"நீ பேசாதம்மா. என் பொழப்பு போயிடும்."

"ஊர் வாயை அடைக்கிறதெல்லாம் ஒரு பொழப்பா? என் வாயை அடைச்சுப் பாருங்க, ராத்திரி சோறு யார் போடுறான்னு பாக்கலாம்."

இப்போது மைக்கில் மனைவி ஆணையரையே கேட்டார்: "மூடி போட்டாச்சுன்னு போர்டு வச்சிருக்கீங்க சார். போர்டு இருக்கு, மூடி எங்க?"

ஆணையர் கண்ணாடியைக் கழற்றி, அது தேய்ந்துபோகிற அளவுக்குத் துடைத்தார். மைக்செட்காரர் குமிழைத் திருகினார். மனைவியின் குரல் அமுங்கியது. அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் மைக்செட்காரருக்கு அப்போதே பசித்தது.

நிம்மதியடைந்த ஆணையர் பக்கத்திலிருந்த பொறியாளரிடம் குனிந்தார். மைக்செட்காரரின் கை, ஆணையர் மைக்கின் குமிழுக்குத் தாவி, அதைக் கடைசிவரை ஏற்றியது.

"யோவ், அந்த மூடி எங்கய்யா?" கடைத்தெருவைப் பார்த்த ஹார்ன் முழங்கியது.

"உங்க வீட்டு கேட் முன்னாடி சார். கார் ஏத்தணும்னு நீங்கதானே கேட்டீங்க?"

ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. கடைத்தெரு ஆட்கள் வாசலில் வந்து குவிந்தார்கள். வெளிறிப்போன ஆணையர் ஒரு வழி தேடினார். "என்னப்பா, உன் பெட்டி ரிப்பேரா?"

ஆமாம் என்றிருந்தால் வேலை பிழைத்திருக்கும். மைக்செட்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் பெட்டியா ரிப்பேர்? நான்தான் சார் ஏத்தினேன்!"

வேலை அன்றோடு போயிற்று. மறுநாள் காலை தையல் கடை வாசலுக்கு மூடி வந்தது, ஆணையரின் கார் டயர் தடத்தோடு.

அடுத்த கூட்டத்துக்கு வேறு ஆள் செட் வைத்தான். கண்ணாடியைத் துடைக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அவன் பெட்டியில் ஆணையர் பேசியதே யாருக்கும் கேட்கவில்லை.